6 முதல் 10-ஆம் வகுப்பு வரை முழுமையான பாடத்திட்டம்: இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளுக்கான கேள்வி பதில்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை உள்ள நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஆகியோரை நினைத்து எழுதிய பக்கம் இது. அடுத்த கல்வியாண்டுக்குத் திட்டம் போட உட்காரும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

அரசு பாடநூல் கொடுத்துவிட்டது. பள்ளி தனியாக வகுக்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை மாநிலப் பாடத்திட்டம் முடிவு செய்துவிட்டது. 2018-19 தொடங்கி வந்த புதிய பாடநூல்கள் அதன் வடிவம். எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் வைப்பது, எதற்கு எத்தனை பாடவேளை, எந்தப் பொருளைக் கையில் கொடுத்துத் தொடங்குவது, இரண்டு பாடங்களை எங்கே இணைப்பது, பிள்ளை கற்றுக்கொண்டதை எப்படித் தெரிந்துகொள்வது ஆகிய ஐந்தும் பள்ளியின் கையில்தான் இருக்கின்றன. ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கிறது, இன்னொரு பள்ளி நோட்ஸ் எழுத வைக்கிறது. வேறுபாடு இந்த ஐந்து முடிவுகளில் இருக்கிறது.

2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டமும் இதையே கேட்கிறது. அதன் 29-ஆம் பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் முழு வளர்ச்சிக்கானதாகவும், செய்து பார்த்தும் தேடிக் கண்டும் கற்பதாகவும், குழந்தையை அச்சமின்றி வைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

‘முழுமையான’ என்றால் இன்னும் நாலு பாடத்தைச் சேர்ப்பதா?

இல்லை. அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், ரோபோட்டிக்ஸ், யோகா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் வாரம் நிரம்பும், பிள்ளை நிரம்பாது. 10-ஆம் வகுப்பு முடித்து வெளியே போகும் 15, 16 வயதுப் பிள்ளையால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எங்கள் பட்டியல் இது: அரசு அறிவிப்பு ஒன்றை வாசித்து அதன்படி விண்ணப்பம் எழுதுவது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு எவ்வளவு வட்டி ஓடுகிறது என்று கணக்குப் போடுவது. புயல் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது. தன் உடம்பைப் பற்றி வெட்கமோ பயமோ இல்லாமல் தெரிந்திருப்பது. ஒரு கருத்தை 50 பேர் முன்னால் 3 நிமிடம் பேசுவது. கையால் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்வது. ஏதாவது ஒரு விளையாட்டிலோ கலையிலோ மனம் விட்டு ஈடுபடுவது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கால அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் வாரத்தில் எங்காவது இடம் இருக்கிறதா? இல்லையென்றால் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

வாரத்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை?

நாளுக்கு 8 பாடவேளை, வாரத்தில் 5 நாள் என்றால் 40. 6 முதல் 8 வரை நாங்கள் பரிந்துரைப்பது: தமிழ் 7, ஆங்கிலம் 7, கணிதம் 7, அறிவியல் 6, சமூக அறிவியல் 5, உடற்கல்வி 3, ஓவியமும் இசையும் 2, கைத்தொழில் 1, நூலகம் 1, கணினி 1. 9, 10-ஆம் வகுப்புகளில் அறிவியலை 7 ஆக்கி, உடற்கல்வி 2, கலை 1, கைத்தொழில் 1, நூலகம் 1, கணினி 1, வாழ்க்கைத்திறனும் உயர்கல்வி வழிகாட்டலும் 1 என்று வைத்தால் அதுவும் 40 ஆகிவிடும்.

அறிவியலில் இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வையுங்கள். 40 நிமிடத்தில் பொருள்களை எடுத்து வைத்து, சோதனை செய்து, கழுவி வைத்து, பதிவேட்டிலும் எழுத முடியாது. தனித்தனியாக வைத்த பள்ளிகளில் சோதனை எப்போதும் ஆசிரியர் மேசையிலேயே முடிந்துவிடுகிறது, பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஓவியத்துக்கும் இது பொருந்தும். கணிதத்துக்கு நேர்மாறாக, தினமும் ஒரு வேளை இருக்க வேண்டும். வாரத்துக்கு 7 என்பதால் இரண்டு நாள் மட்டும் இரட்டை.

சட்டப்படி 6 முதல் 8 வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 கற்பித்தல் மணி வேண்டும். 220 நாள், நாளுக்கு 8 பாடவேளை, 40 நிமிடம் என்றால் 1,173 மணி வரும். தாளில் 173 மணி மிச்சம். ஆனால் தேர்வு, விழா, மழை விடுப்பு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். எனவே பாடம் நடத்தும் நாளை 185-க்கு மேல் வைத்துத் திட்டமிடாதீர்கள். 220-ஐ முழுதாக நம்பிப் போட்ட திட்டம் ஜனவரியில் மூச்சு வாங்கும். அப்போது முதலில் பலியாவது விளையாட்டும் ஓவியமும்.

உடற்கல்வி வேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். என்ன செய்வது?

வாங்கிய வேளையைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி வையுங்கள். ஆசிரியர் அறையில் ஒரு பதிவேடு: யார், எந்த வகுப்பில், எந்த வேளையை வாங்கினார், எந்த நாளில் திருப்புவார். அடுத்த 7 நாளுக்குள் திருப்பியாக வேண்டும். மாதக் கடைசியில் தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே போதும், பாதிக் கடன் நின்றுவிடும். விளையாட்டு வேளை எல்லாவற்றையும் நாளின் கடைசியில் போடாமல், ஒன்றையாவது காலையில் வையுங்கள். கடைசி வேளைதான் எளிதில் பறிபோகும். தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி போன்ற ஊர்களில் ரமலான் மாதம் நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கும் காலை வேளைதான் தாங்கும். ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், ஆண்டுத் திட்டம் போடும்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பாடநூலின் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஊரின் நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள். 10 மாதத்துக்கு 10 கட்டம் போட்டு, பள்ளி நடக்காத நாள், பிள்ளை வர முடியாத நாள், வீட்டில் காசில்லாத நாள் ஆகிய மூன்றையும் முதலில் நிரப்புங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் ஜூன் முதல் வாரம்தான் ஆண்டின் வறண்ட வாரம். அந்த நேரத்தில் ஜியோமெட்ரி பாக்ஸ், கிராஃப் நோட்டு, விளையாட்டுச் சீருடை என்று வாங்கச் சொன்னால், வாங்க முடியாத பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும். வாங்கச் சொல்லும் எதையும் ஜூலை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை பள்ளியின் பொதுப் பெட்டியிலிருந்து கொடுங்கள். வகுப்புக்கு 10 அளவுகோல், 10 கவராயம் போதும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை தொடர்ச்சியாகப் பள்ளி நடக்கும். கடினமான பாடங்களை இங்கே வையுங்கள். 9, 10-இல் இயற்கணிதம், இயற்பியல் கணக்குகள், ஆங்கில இலக்கணம் எல்லாம் இந்த மூன்று மாதத்தில்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. புயல் எச்சரிக்கை, மழை விடுப்பு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் சேர்ந்து இரண்டாம் பருவத்தைக் கடித்துவிடும். இங்கே இருக்கும் வேளைகளில் 80 விழுக்காட்டுக்கு மட்டும் பாடம் ஒதுக்குங்கள். மீதியை வெறுமனே விடுங்கள். மழை வராவிட்டால் மீள்பார்வைக்கு ஆகும். அக்டோபரிலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் 4 பக்கத்தில் ஒரு ‘மழைத்தாள்’ அச்சிட்டு வைத்திருங்கள். கைபேசி இல்லாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளாக இருக்கட்டும்: ஒரு வாசிப்புப் பகுதி, 10 கணக்கு, ஒரு வரைபடம், வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுத ஒரு கேள்வி. விடுப்பு அறிவித்த பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று விட்டால், கைபேசியை அப்பா கடலுக்குக் கொண்டுபோயிருப்பார்.

ஜனவரியும் பிப்ரவரியும் களப்பயணத்துக்கு ஏற்ற மாதங்கள். 10-ஆம் வகுப்புக்குப் புதிய பாடம் எதுவும் ஜனவரி நடுவுக்கு மேல் போகக்கூடாது.

பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கும் கணக்கு உண்டு. இராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் வெவ்வேறு நாள்களில் கடலுக்குப் போகின்றன. உங்கள் ஊரில் எந்தப் படகுக்கு எந்த நாள் என்று கேட்டுவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் வருவது அம்மாக்கள் மட்டுமே.

பாடங்களை இணைப்பது என்கிறார்கள். ஒரு எடுத்துக்காட்டைச் செய்முறையோடு சொல்ல முடியுமா?

இந்தக் கரைக்கு மிகப் பொருத்தமான ஒன்று உப்பு. மாரியூர்–வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் 1970-களிலிருந்து இருக்கிறது. 7 அல்லது 8-ஆம் வகுப்புக்கு, 3 வாரத்தில் 14 பாடவேளை: அறிவியல் 5, கணிதம் 3, சமூக அறிவியல் 2, தமிழ் 2, ஆங்கிலம் 1, ஓவியம் 1. ஜூலையில் நல்ல வெயிலில் செய்யுங்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு குடம் கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது, அது நம் தட்டுக்கு எப்படி வருகிறது?

கரையோரக் கலங்கலைத் தவிர்த்து, முழங்கால் ஆழத்தில் தெளிந்த கடல்நீரை ஆசிரியரே எடுத்து வரட்டும். வெள்ளைப் பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அளவுசாடியால் சரியாக 500 மி.லி. அகலமான எவர்சில்வர் தட்டோ பீங்கான் தட்டோ வேண்டும், அலுமினியம் கூடாது, உப்புநீர் அதை அரிக்கும். ஊற்றுவதற்கு முன் வெறும் தட்டை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்கள் இதை மறந்துவிட்டுக் கடைசியில் விழிக்கும். தட்டை வெயிலில் வைத்துக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் மூடாத தட்டில் பாதி மணல்தான் இருக்கும்.

500 மி.லி. ஏறத்தாழ 100 மி.லி. ஆகும்போது அடியில் மென்மையான வெள்ளைப் படிவு தெரியும். அது சமையல் உப்பு இல்லை, ஜிப்சம். 50 மி.லி. அளவுக்கு வந்ததும் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் மிதந்து அடியில் இறங்கத் தொடங்கும். அதுதான் சோடியம் குளோரைடு. உருப்பெருக்கியைக் கொடுத்து அந்தச் சதுரத்தை வரையச் சொல்லுங்கள். ஓவிய வேளை இதற்குத்தான். கடைசியில் மிஞ்சும் வழவழப்பான நீர் கசக்கும், அதில் மெக்னீசிய உப்புகள் இருக்கின்றன. உப்பளத்தில் ஏன் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு நீரை மாற்றிக்கொண்டே போகிறார்கள், கடைசி நீரை ஏன் வடித்து விடுகிறார்கள் என்பதற்கு விடை பிள்ளைகளின் தட்டிலேயே கிடைத்துவிடும். யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது.

முழுதும் காய்ந்தபின் எடை 17 கிராம் அளவில் வர வேண்டும். கடல்நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் சமையல் உப்பு. ஒரு குழுவுக்கு 25 கிராம் வந்தால் உப்பு இன்னும் ஈரம் என்று பொருள். மெக்னீசியம் கலந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், எனவே வெயிலில் இருந்து எடுத்ததும் எடை போட வேண்டும். 12 கிராம் வந்தால் சிந்தியிருக்கலாம், அல்லது வைகை முகத்துவாரம் போல நன்னீர் கலக்கும் இடத்தில் நீர் எடுத்திருக்கலாம். இதே சோதனையை டிசம்பர் மழைக்குப் பின் பாக் நீரிணைப் பக்கம் எடுத்த நீரில் மறுபடி செய்தால் எடை குறையும். ஏன் என்று அவர்களையே கேளுங்கள். தவறான விடைகளைப் பலகையில் எழுதி வைத்து ‘எது நடந்திருக்கும்?’ என்று பேசும் அந்த 20 நிமிடம்தான் இந்த அலகின் உயிர். எல்லாக் குழுவும் 17 என்றே எழுதி வந்தால் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

கணிதத்தில், 500 மி.லி. கடல்நீரின் எடை சுமார் 512 கிராம், அதில் 17 கிராம் எத்தனை விழுக்காடு, ஒரு டன் உப்புக்கு எத்தனை லிட்டர் கடல்நீர் என்று போகலாம். சமூக அறிவியலில் 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் போன உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம். அந்த ஊர் நம் கடலின் வடகோடியில்தான் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். தமிழில் நெய்தல் திணையும், வண்டியில் உப்பேற்றிப் போய் நெல்லுக்கு மாற்றிய உமணரும். ஆங்கிலத்தில் பாக்கெட் லேபிள் வாசிப்பு: சிப்ஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் கருவாடும் தினமும் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு நேரே அடுப்படிக்குப் போகும்.

கணக்கில் ‘ராமு 5 கிலோ உப்பு வாங்கினான்’ என்று பெயரை மட்டும் நுழைப்பது இணைப்பு ஆகாது. ஒரு பாடத்தில் கிடைத்த எண்ணோ கண்டுபிடிப்போ இன்னொரு பாடத்தில் தேவைப்பட வேண்டும். ஆண்டுக்கு இப்படி இரண்டு அலகு போதும். ஐந்து வைத்தால் ஐந்தும் நுனிப்புல்.

வேறு என்னென்ன எடுக்கலாம்?

மழை. 2 லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்தால் மழைமானி ஆகிவிடும். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதைச் சிமெண்டால் நிரப்பி, மட்டமான இடத்தில் 0 குறியுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவெடுங்கள். வானிலைத் துறை எடுக்கும் நேரமும் அதுவே என்பதால் ஒப்பிட முடியும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். அங்கிருந்து ஊர்க் கண்மாய்க்குப் போங்கள். ‘நாரை பறக்காத 48 மடை’ என்று சொல்லப்படும் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் பக்கத்திலேயே இருக்கிறது.

பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுவில் இருந்த இரு இறக்கைகளையும் ஆட்கள் கையால் சுழற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. எதிர் எடை ஏன் தேவை என்பதை 10-ஆம் வகுப்புத் திருப்புத்திறன் (விசையின் சுழற்றும் விளைவு) பாடத்தோடு சேர்த்து, அளவுகோல், நூல், நாணயங்கள் கொண்டு செய்து காட்டலாம்.

அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த கப்பல் கீறிய பானை ஓடு 6-ஆம் வகுப்பு வரலாற்றுக்கு. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலை நேரில் கண்டவர்கள் 9-ஆம் வகுப்பு வாய்மொழி வரலாற்றுக்கு. அன்று 10 வயதாக இருந்தவர் இப்போது 70-ஐத் தாண்டியிருப்பார், இன்னும் தள்ளிப்போட நேரமில்லை. இழப்பைப் பற்றிப் பேசும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்.

‘கடல் தொழில் வேண்டாம் என்றுதான் படிக்க அனுப்புகிறோம். பள்ளியிலும் கடலா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மீனவர் பிள்ளைக்கு மீன்பிடிப்பையும் பனைத்தொழிலாளி பிள்ளைக்குப் பனையேறுதலையும் சொல்லித்தருவது முழுமையான பாடத்திட்டம் இல்லை, அது வாசலை அடைப்பது. கடல் நமக்குக் கதவு. உப்பில் தொடங்கிய பிள்ளை கரைசல்கள் பாடத்தைப் புரிந்துகொண்டு வேதியியலுக்குப் போக வேண்டும். எனவே ஒரு சோதனை வையுங்கள்: உள்ளூர்ப் பொருளில் தொடங்கும் ஒவ்வொரு அலகும், சென்னையிலோ வேறு நாட்டிலோ உள்ள பிள்ளைக்கும் பயன்படும் ஓர் அறிவில் முடிகிறதா? முடியாவிட்டால் அந்த அலகை விட்டுவிடுங்கள். அதேபோல் கடலைப் பார்க்காத பாடங்களும் வேண்டும்: பாலைவனம், பனிப்பிரதேசம், பிரெஞ்சுப் புரட்சி, சதுரங்கம், வேற்று மொழிக் கதைகள்.

6-ஆம் வகுப்புக்கு வரும் சில பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரவில்லை.

எல்லாத் திட்டத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து 5 வரிப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லி, கடன்வாங்கிக் கழித்தல் ஒன்று, வகுத்தல் ஒன்று போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு 3 நிமிடம் என்றால் 40 பேருக்கு 120 நிமிடம், அதாவது மூன்று பாடவேளை. எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

எழுத்து தெரியாதவர், எழுத்து தெரிந்தும் சொல்லாகச் சேர்க்கத் தெரியாதவர், வாசித்தும் பொருள் சொல்லத் தெரியாதவர் என்று மூன்று குழு. மூவருக்கும் தேவை வேறு. பெரும்பாலும் எல்லோருக்கும் ‘அ, ஆ’விலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டாம் குழுவுக்கு அது அவமானம், பயனும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது உயிர்மெய்க் குறியீடுகளில், குறிப்பாக ெ, ே, ை, ொ, ோ, ௌ ஆகியவற்றில், பயிற்சி. எழுத்தின் முன்னால் வரும் குறியீட்டை ஒலிக்கும்போது பின்னால் சொல்ல வேண்டும் என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். தினமும் 40 நிமிடம், 60 நாள். சிறிய வகுப்புப் புத்தகத்தை 11 வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பேருந்துப் பலகை, திரைப்பட விளம்பரம், கிரிக்கெட் செய்தி கொடுங்கள்.

நூலக வேளை இங்கே கைகொடுக்கும். வகுப்பறையிலேயே ஒரு கயிறு கட்டி 40 புத்தகம் தொங்கவிடுங்கள். பூட்டிய அலமாரியில் ஆயிரம் புத்தகம் இருந்தும் பயனில்லை.

ஓவிய ஆசிரியர் இல்லை, பாட்டு ஆசிரியர் இல்லை.

6 முதல் 8 வரை சேர்த்து 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009 கல்விச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. மேலாண்மைக் குழுத் தீர்மானம் போட்டுக் கேளுங்கள். வரும்வரை, ஊரில் உள்ளவர்களை அழைக்கலாம்: பாய் முடைபவர், பனையோலைப் பெட்டி பின்னுபவர், படகு தச்சர், சிலம்ப ஆசான், தேவாலயக் குழுவில் பாடுபவர். ஒருவருக்கு 6 வேளை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நாள் வந்து காட்டிவிட்டுப் போனால் அது வேடிக்கை. பனையோலைப் பெட்டி ஒன்றை முழுதாகப் பின்னி முடிக்க ஒரு பிள்ளைக்கு 5, 6 வேளை பிடிக்கும். ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து பின்ன வேண்டும்.

உடற்கல்வியில் நீச்சலையும், நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றும் முதலுதவியையும் சேருங்கள். கடலோரத்திலும் நீந்தத் தெரியாத பெண் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் இல்லாமல் நீரில் இறக்க வேண்டாம். கயிறு, காலி பிளாஸ்டிக் கேன் வீசிக் காப்பாற்றுவதைக் கரையிலேயே பழக்கலாம். மூழ்குபவரை நோக்கிக் குதிக்காமல் மிதக்கும் பொருளை வீசு என்பதை 6-ஆம் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

மாதவிடாய், வளரிளம் பருவம் பற்றிய பாடம்?

6-ஆம் வகுப்பிலேயே, ஆண் பெண் இருபாலருக்கும். முதல் வகுப்பைப் பெண் ஆசிரியர் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக எடுத்துவிட்டு, அடுத்ததை எல்லோருக்கும் சேர்த்து எடுக்கலாம். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் நாப்கின் போட மூடியுள்ள கூடையும் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்திப் பயனில்லை.

செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி? எல்லாம் கடையில் வாங்கி வருகிறார்கள்.

முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60. அந்த 40-தான் பாடத்திட்டத்தை முழுமையாக்கக் கிடைத்த இடம். அதைத் தெர்மோகோல் மாதிரிக்கும் கடை சார்ட்டுக்கும் கொடுத்து வீணாக்குகிறோம். செயல்திட்டம் முழுவதும் பள்ளி நேரத்தில், வகுப்பறையில் நடக்க வேண்டும். வீட்டுக்கு எதுவும் போகக்கூடாது. அந்த 40-இல் செயல்திட்டத்துக்கு வைக்கும் 20 மதிப்பெண்ணை நான்காகப் பிரியுங்கள்: கவனித்து அளந்து எழுதியது 5, காரணம் சொன்னது 5, குழுவில் தன் பங்கைச் செய்தது 5, வாய்விட்டு விளக்கியது 5. அழகான கையெழுத்துக்கு மதிப்பெண் இல்லை. ஒரே நாளில் 40 பேருக்கும் போட முயலாதீர்கள், ஒரு வேளைக்கு 8 பேரைக் கவனித்துக் குறித்தால் வாரத்தில் முடியும்.

10-ஆம் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

10-ஆம் வகுப்பு அறிவியலில் 100-இல் 25 செய்முறைக்கு. 6-ஆம் வகுப்பிலிருந்து அளந்து எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது சிரமமே இல்லை. நேரம் போவது பிப்ரவரியில் அவசரமாக ரெக்கார்டு நோட்டு எழுதவைப்பதில்தான். மாலைச் சிறப்பு வகுப்பு வைப்பதானால் 5 மணியைத் தாண்டாதீர்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். விளையாட்டை முற்றாக நிறுத்தாதீர்கள். வாரம் இரண்டு வேளை ஓடியாடிய பிள்ளை மற்ற வேளைகளில் உட்காரும்.

8-ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். (மத்திய அரசின் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகை) தேர்வுக்கும் இடம் ஒதுக்குங்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. இந்தக் கரையில் பல பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது அந்தத் தொகைதான். அறிவுத்திறன் கணக்குகளை ஜூலையிலிருந்து வாரம் ஒரு வேளை.

கடற்கரைக்குக் கூட்டிப்போக என்னென்ன கவனிக்க வேண்டும்?

10 பிள்ளைக்கு ஒரு பெரியவர். காலை 7 முதல் 9.30-க்குள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருக்கின்றன, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. கரையில் ஒதுங்கும் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எதையும் பள்ளிக்கு எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவை பாதுகாக்கப்பட்டவை. ஆய்வகக் கண்ணாடிப் புட்டியில் வைத்தாலும் குற்றம்தான். வரைந்துகொள்ளலாம், படம் எடுக்கலாம். ஜெல்லி மீனைத் தொட வேண்டாம் என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் மூவர், வகுப்பு எட்டு. என்ன செய்வது?

மொழியும் கணிதமும் வகுப்பு வாரியாகவே போகட்டும். ஓவியம், கைத்தொழில், உடற்கல்வி, உள்ளூர் அலகு ஆகியவற்றை 6, 7, 8 சேர்த்து நடத்துங்கள். உப்பு ஓராண்டு, மழை அடுத்த ஆண்டு, கண்மாய் மூன்றாம் ஆண்டு என்று சுழற்றினால், ஒரு பிள்ளை 8 முடிக்கும்போது மூன்றும் முடித்திருக்கும். பொருள்பெட்டி ஒன்று வேண்டும்: 30 மீட்டர் டேப், 1 கிராம் துல்லியமுள்ள எண்தராசு, 500 மி.லி. அளவுசாடி 2, வெப்பமானி 4, உருப்பெருக்கி 10, காந்த ஊசி 4. பக்கத்துப் பள்ளியோடு பகிர்ந்துகொள்ளலாம், பெட்டிக்குள்ளேயே பட்டியலை ஒட்டி வையுங்கள்.

10 முடித்தபின் எங்கே போகலாம் என்பதையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டுமா?

9-ஆம் வகுப்பிலேயே. 10 முடிவு வந்தபின் சொன்னால் தோழி எடுத்த குரூப்பைத்தான் பிள்ளை எடுக்கும். மேல்நிலை, 3 ஆண்டு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்ற மூன்று வழியையும், 11-இல் கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் வழி அடைபடும் என்பதையும் பெற்றோரோடு உட்கார்ந்து விளக்குங்கள். பக்கத்தில் இருப்பவற்றைக் காட்டுங்கள்: மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் (1947-இல் தொடங்கிய அந்த நிறுவனமே 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது), தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி. இவற்றோடு செவிலியர், வங்கி, சட்டம், கப்பல் பொறியியல் என ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரை மாதம் ஒரு முறை அழைத்து 30 நிமிடம் பேசவைத்து, 10 நிமிடம் பிள்ளைகள் கேட்கட்டும். அழைப்பவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். இராமநாதபுரம் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. ‘எங்க ஊர்தான் நீங்களும்?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அடுத்த கேள்விகள் தானாக வரும்.